ரத்னாபாயைப் பற்றி ஒரு வார்த்தை

டிவி ட்யூனர் கார்டு என்று ஒரு சாமான் இருந்தது. இப்போதுள்ள பிள்ளைகளிடம் சொன்னால் சிரிப்பார்கள். கம்ப்யூட்டரைத் திறந்து உள்ளே செருகி, கேபிள் வயரை இழுத்து மாட்டினால் கம்ப்யூட்டரிலேயே டிவி பார்க்கலாம். அந்தக் காலத்தில் அது பெரிய கெத்து. திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியின் சர்வர்களைக் கட்டி மேய்க்கிற ஜினி, கல்லூரி நாளில் வாங்கிய அப்படி ஒரு கார்டை இத்தனை வருஷமும் செருப்புப் பெட்டி ஒன்றில் போட்டு வைத்திருந்தாள். எதையும் தூர எறிய மனசு வராத ரகம். அதை இப்போது தேடி எடுத்ததற்குக் காரணம் அவள் அப்பாவின் தொண்டை.

ராஜையன் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் போகிற வண்டி. கரமனை, நேமம், பாலராமபுரம், நெய்யாற்றின்கரை என்று அவர் கூப்பிட்டால் பின்சீட்டில் குறட்டை விடுகிறவனும் எழுந்து வேட்டியைச் சரிசெய்வான். ஞாயிற்றுக்கிழமை பாறசாலைச் சபையில் பாட்டை எடுத்துக்கொடுப்பதும் அவரே. மைக் எல்லாம் வேண்டாம். பீடியையும் அவர் விடவில்லை. ஐந்தாறு வருஷமாகத் தொண்டை கரகரத்தது, எவ்வளவு சொல்லியும் டாக்டரிடம் காட்டவில்லை. கடைசியில் போன வருஷம் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தின் அடியில் ஒரு துளை, துளையில் ஒரு குழாய். மூச்சு அந்த வழியாக ஸ்ஸ் என்று போய்வருகிறது. கழுத்தில் வைத்துப் பேசுகிற கருவி ஒன்று வாங்கிக்கொடுத்தாள் ஜினி. ஒருநாள் வைத்துப் பார்த்தார். தகர டப்பாவுக்குள் வண்டு புகுந்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. எடுத்து அலமாரியில் போட்டவர்தான், பிறகு தொடவே இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய்வர வசதியாக அவரும் ரத்னாபாயும் பாறசாலை வீட்டைப் பூட்டிவிட்டு ஜினியின் வாடகை ஃபிளாட்டோடு வந்துவிட்டார்கள். ராஜையன் வாயை அசைப்பார், ரத்னாபாய் அதைப் படித்துச் சொல்லுவாள். தண்ணி கேக்காவ, ஜன்னல அடைக்கச் சொல்லுதாவ. மகளுக்கு அந்தப் படிப்பு வரவில்லை. அவள் அவர் முகத்தைப் பார்ப்பதையே மெல்லக் குறைத்துக்கொண்டாள், அதுதான் உண்மை.

ரத்னாபாய்க்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. மகன் ஜெயன் இப்போது தோஹாவில் இருக்கிறான். அவன் கல்யாணத்தன்று, ஆலயத்துக்குப் புறப்படும் முன் வீட்டில் ஜெபம். உபதேசியார் வர நேரமாகிவிட்டது. காத்திருந்து பார்த்துவிட்டு ராஜையனே நின்று ஜெபித்தார். அப்போது ரத்னாபாய் எங்கே இருந்தாள்? மாப்பிள்ளையின் அம்மா, பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, பின்கட்டில் சமையல்காரனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஓடி வந்து சேரும்போது எல்லாரும் ஆமென் சொல்லியாகிவிட்டது. நாத்தனார் முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி, "அண்ணன் ஒன்னப் பத்திச் சொன்னாவ பாரு மைனி, எனக்கு நெஞ்சு அடச்சுப் போச்சு" என்றாள். என்ன சொன்னார் என்று கேட்பதற்குள் கார் வந்துவிட்டது.

பிறகு அவரிடமே கேட்டாள். "ஏட்டி, போ, சோலியப் பாரு" என்றார். அவ்வளவுதான் மனுஷன். ஊரெல்லாம் கேட்கக் கூவினவருக்குக் கட்டின பெண்டாட்டியிடம் நல்லதாக நாலு வார்த்தை பேச வெட்கம். நாத்தனாரும் சீக்கிரமே போய்ச் சேர்ந்தாள். கல்யாணக் காசெட் வந்ததும் பக்கத்து வீட்டில் வீடியோ டெக் வாடகைக்கு எடுத்துப் போட்டார்கள். ஜெபம் வந்தபோது எவனோ ஒருவன், "இத ஓட்டி விடுடே, சாப்பாட்டப் போடு" என்றான். ஜெபத்தைத் தாண்டி ஓட்டிவிட்டார்கள். ரத்னாபாய் வாயைத் திறக்கவில்லை. பத்துப்பேர் முன்னால் என்னத்தைச் சொல்வாள்?

இப்போது எழுதிக் காட்டச் சொன்னாலும் ராஜையன் கையை விரிக்கிறார். மறந்தே போனாரோ, எழுத வெட்கமோ, கர்த்தருக்கே வெளிச்சம். ஜெயனுக்குக் கல்யாணப் படபடப்பில் ஒன்றும் நினைவில் நிற்கவில்லை, சின்னப் பிள்ளையாயிருந்த ஜினி அந்த நேரம் வாசலில் மேளக்காரர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவிய என்னப் பத்தி என்னமோ சொன்னாவளாம். அத அவிய சத்தத்துல ஒருக்கா கேட்டா போரும் மக்ளே" என்றாள் ரத்னாபாய். அதுவரை எதையும் கேட்டு வாங்கிப் பழக்கமில்லாதவள். போனில் பிடித்த வீடியோ ஒன்றிரண்டு ஜினியிடம் இருந்தது. அதிலெல்லாம் கெட்டுப்போன தொண்டைதான். நல்ல குரல் மிஞ்சியிருந்தது அந்தக் காசெட்டில் மட்டும்.

பழவங்காடிப் பக்கம் ஹரிகுமார் என்பவரின் ஸ்டுடியோ. ஒரு காலத்தில் கல்யாண வீடியோவில் கொடிகட்டிப் பறந்தவர், இப்போது பாஸ்போர்ட் போட்டோ எடுக்கிறார். காசெட்டை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். சுருளின் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. இந்த ஊர் மழைக்கு அலமாரிக்குள் இருக்கிற பெல்ட்டே பூத்துவிடும், காசெட் எம்மாத்திரம்.

"பூப்பல் கேறிப்போச்சு மோளே. ஞான் முடிஞ்ச அளவு தொடச்சுத் தரேன். ஒரு தவண ஓடும். பின்னே ஓடும்னு பறயமாட்டேன்."

கொச்சியில் இதையெல்லாம் மாற்றித் தருகிற ஒருத்தன் இருக்கிறான், நல்ல மெஷின் வைத்திருக்கிறான், அனுப்பட்டுமா என்றும் கேட்டார். ஜினி வேண்டாம் என்றாள். கூரியரில் தொலைந்துபோனால் என்று சாக்குச் சொன்னாள். நிஜம் என்னவென்றால், ஒரு வேலையை இன்னொருத்தர் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்க அவளுக்குத் தெரியாது. தனக்குத் தெரிந்த வேலை என்றால் கேட்கவே வேண்டாம். ஹரிகுமார் தன் பழைய டெக்கையும், பரிசோதனைக்கு யாரோ ஒருவர் வீட்டுப் பெயர்சூட்டு விழாக் காசெட் ஒன்றையும் கொடுத்தனுப்பினார்.

ஆபீஸில் கழித்துக்கட்டிய பழைய கம்ப்யூட்டர் ஒன்றில்தான் அந்தக் கார்டு உட்காருகிற துளை இருந்தது. விண்டோஸில் அந்தக் கார்டுக்கு நாதியில்லை, அதை இயக்குகிற டிரைவர் என்ற மென்பொருளை எழுதின கம்பெனியே மண்ணோடு மண்ணாகிவிட்டது. லினக்ஸ் அப்படியில்லை. எந்த ஓட்டைச் சாமானுக்கும் உலகத்தில் எங்கேயோ ஒரு பைத்தியக்காரன் உட்கார்ந்து டிரைவர் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று போட்டுவைத்திருப்பான். ஜினிக்கு இந்த விஷயத்தில் லினக்ஸ்மேல் பக்தியே உண்டு. பாறசாலையில் ஞாயிறு பள்ளிக்கு மட்டம் போட்டவள், லினக்ஸ் கூட்டம் என்றால் வழுதக்காடு வரைக்கும் பஸ் பிடித்துப் போவாள்.

கார்டைச் செருகினாள். இருக்கிறது என்று சிஸ்டம் ஒப்புக்கொண்டது, ஆனால் இன்ன மாடல் என்று தெரியவில்லை என்று கைகழுவிவிட்டது. அப்படியானால் வழி ஒன்றுதான். தெரிந்த மாடல்களுக்கெல்லாம் டிரைவரில் ஒவ்வொரு எண் உண்டு. ஒரு எண்ணைக் கொடுத்து டிரைவரை ஏற்று, படம் வருகிறதா பார், வராவிட்டால் இறக்கு, அடுத்த எண்ணைக் கொடு. வாரம் முழுக்க ஆபீஸ் விட்டு வந்ததும் இதே வேலை. ஒரு எண்ணுக்குத் திரை கருப்பாகவே நின்றது. இன்னொன்றுக்குப் பச்சைப் பச்சையாகப் புழு நெளிந்தது. ஒரு எண்ணுக்குக் கம்ப்யூட்டரே உறைந்துபோய், பிளக்கைப் பிடுங்க வேண்டியதாயிற்று. ராஜையன் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தார். வாயை ஏதோ அசைத்தார். ரத்னாபாய், "சாப்பிட்டுட்டு செய்யச் சொல்லுதாவ" என்றாள்.

"நீங்க சாப்பிடுங்கோ. எனக்குப் பசிக்கல்ல" என்றாள் ஜினி, திரும்பாமலே.

சனிக்கிழமை காலையில் சரியான எண் அகப்பட்டது. படம் வந்தது, முதலில் கருப்பு வெள்ளையில், வயரை மாற்றிச் செருகினதும் கலரில். யாரோ ஒரு வீட்டுக் குழந்தை, இடுப்பில் கறுப்பும் பொன்னுமாக அரைஞாண், வீலென்று அழுதது. சத்தத்துக்கு அந்தக் கார்டு லாயக்கில்லை, அதனால் டெக்கிலிருந்து தனியாக ஒரு வயரை இழுத்துக் கம்ப்யூட்டரின் பின்பக்கம் செருகியிருந்தாள். கொஞ்சம் பதிவு செய்து ஓட்டிப்பார்த்தாள். குழந்தை அழுகிற சத்தம் கணீரென்று வந்தது. ஜினி நாற்காலியிலிருந்து எழுந்து அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு.

"நாளைக்குக் கேக்கலாம்மா" என்றாள்.

ரத்னாபாய் அன்று முழுக்க ஒரு மாதிரியாகவே இருந்தாள். குழம்பில் உப்புப் போட மறந்தாள். கல்யாணத்துக்கு நாள் குறித்த பெண் கெட்டாள் போங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயம் முடிந்து வந்ததும் தோஹாவிலிருந்து ஜெயன் கூப்பிட்டான். போனில் முகம் சின்னதாகத் தெரிகிறது என்று ராஜையன் சைகை காட்டினார். அதனாலென்ன என்று ஜினி தன் கேமராவை எடுத்து அந்தப் பழைய கம்ப்யூட்டரிலேயே செருகி, பெரிய திரையில் அண்ணனைக் காட்டினாள். காசெட் விஷயத்தைக் கேட்டதும் ஜெயனுக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே அனுப்பு, உடனே அனுப்பு என்று பறந்தான். பேசி முடித்தார்கள். கேமரா செருகினபடியே இருந்தது.

சாப்பாடு முடிந்து ஜினி காசெட்டைப் போட்டாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். வீட்டில் ஹெட்போன் அது ஒன்றுதான். ஸ்பீக்கர் வைக்கலாம், ஆனால் வயரில் எங்காவது இரைச்சல் ஏறினால் ஸ்பீக்கரில் தெரியாது, காதோடு வைத்துக் கேட்டால்தான் தெரியும் என்பது அவள் கட்சி. ஒருமுறைதான் ஓடும். கோட்டைவிட முடியாது.

திரையில் பாறசாலை வீடு வந்தது. வாழைமரம் கட்டின வாசல். கோட்டு போட்ட ஜெயன். அப்புறம், நரை விழாத மீசையோடு ராஜையன், எழுந்து நின்று தலையைக் குனிந்தார். ஹெட்போனுக்குள் அந்தக் குரல் எழும்பினதும் ஜினிக்கு உடம்பு ஒருதரம் சிலிர்த்தது. உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையின் மூலைக்குப் போனாள். படம் விட்டுப்போகிறதா? இல்லை. சத்தத்தின் அளவைக் காட்டும் பச்சைப் பட்டை ஏறி இறங்குகிறதா? இறங்குகிறது. அடியில் ஏதோ உறுமுகிற மாதிரி இருக்கிறதே, கரண்டின் சத்தமா? ஒரு கையால் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அந்த உறுமலையே தேடிக்கொண்டிருந்தாள்.

ரத்னாபாய் வந்து தோளைத் தொட்டாள். வாய் அசைவது தெரிந்தது. ஜினி ஹெட்போனைக் கழற்றாமலே கையை வீசி, போ போ என்றாள். மறுபடியும் தொட்டாள். ஜினிக்குச் சுர்ரென்று ஏறியது. ஹெட்போன் மாட்டினவர்கள் பேசுகிற அந்தப் பெரிய சத்தத்தில் ஏதோ சொன்னாள். என்ன சொன்னோம் என்று அவளுக்கே நினைவில்லை. ரத்னாபாய் பின்னால் போய்க் கணவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

ஜெபம் முடிந்து ஆலயமும் முடிந்து சாப்பாட்டுப் பந்தி ஆரம்பிக்கும்போது திரை நடுங்கியது. டெக்குக்குள் கரகரவென்று ஒரு சத்தம். ஜினி பதறி நிறுத்தி மூடியைத் திறந்தாள். நாடா உருளையைச் சுற்றிப் பிசினாக ஒட்டிக்கிடந்தது. இழுத்த இடமெல்லாம் பழுப்புப் பூச்சு பொடிப்பொடியாக உதிர்ந்து, வெறும் கண்ணாடித் தாள் மாதிரி கையோடு வந்தது. ஜினிக்கு வருத்தமில்லை. பந்தியில் யார் எத்தனை துண்டு ஆட்டிறைச்சி தின்றார்கள் என்பது யாருக்கு வேண்டும்? வேண்டியது உள்ளே வந்தாயிற்று.

சாயங்காலம் டீ போட்டாள். ஆபீஸிலிருந்து கொண்டுவந்திருந்த ஸ்பீக்கரை மாட்டினாள். ராஜையன் முகம் வழித்து, வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ரத்னாபாய் நாற்காலியை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

வாசலில் வாழைமரம் வந்தது. மேளக்காரர்கள் அடித்தார்கள், மேளச் சத்தம் வரவில்லை. ஃபேன் சுற்றுகிற சத்தம் வந்தது. எங்கோ கீழ்வீட்டில் குக்கர் விசிலடித்தது. ஜினி ஸ்பீக்கரைத் திருகினாள். ராஜையன் எழுந்து நின்று தலையைக் குனிந்தார். வாய் திறந்தது. ஸ்ஸ் என்றது ஸ்பீக்கர். மறுபடியும் ஸ்ஸ். பின்னாலே உட்கார்ந்திருந்த ராஜையன் தன் கழுத்துக் குழாயைக் கையால் பொத்திக்கொண்டார். பொத்தினால் மூச்சுவிட முடியாது, உடனே எடுத்தார்.

"ஏட்டி, எனக்கும் ஒருக்கா தா பிள்ளே. கொஞ்சம் கேட்டுட்டுத் தாறேன்." ஸ்பீக்கரிலிருந்து ரத்னாபாயின் குரல், பயந்து பயந்து.

திரையில் நாத்தனார் முந்தானையை எடுத்துக் கண்ணில் வைத்தாள். பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் மூக்கை உறிஞ்சினார்கள். ராஜையனின் வாய் ஏதோ ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லுகிற மாதிரி அசைந்தது.

"செத்த நேரம் வாய மூடிட்டு இரும்மா" என்று ஜினியின் குரல் ஸ்பீக்கரைக் கிழித்துக்கொண்டு வந்தது. "எப்பளும் எடையில வந்து பேசாத."

 நடந்தது இன்னதென்று ஜினிக்கு அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது. காலையில் செருகின கேமராவில் ஒரு மைக் இருந்தது. புதிதாக ஒரு மைக் வந்ததும், இனி சத்தத்துக்கு இதுதான் என்று சிஸ்டம் தானே முடிவு செய்துகொண்டுவிட்டது. ஹெட்போனுக்கு வந்தது டெக்கின் சத்தம். ஃபைலுக்குள் போனது இந்த அறையின் சத்தம். ஏறி இறங்கின பச்சைப் பட்டை அம்மாவுக்கும் ஃபேனுக்கும் அப்பாவின் மூச்சுக்கும் ஏறி இறங்கியிருக்கிறது. நேற்றுச் சரியாக இருந்தது இன்றும் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பியிருக்கிறாள். ஆபீஸில் வேறு எவனாவது இப்படிச் செய்திருந்தால் நாலு பேர் முன்னால் தோலை உரித்திருப்பாள்.

டெக்கைத் திறந்தாள். நாடாவைப் பிரித்து, ஆல்கஹாலில் பஞ்சை நனைத்து உருளையைத் துடைத்து, கிழிந்த இடத்தை ஒட்டி, காசெட்டை மறுபடியும் போட்டாள். திருகாணி இரண்டு தவறிக் கட்டிலுக்கு அடியில் போயிற்று. பின்னோக்கிச் சுற்ற விட்டாள். சுற்றியது, திணறியது, நடுவில் பட்டென்று அறுந்தது. மூடிக்குள்ளேயிருந்து பழுப்புப் பொடி மேசையில் கொட்டியது. விரலால் தொட்டால் விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஜினி அந்த விரலைப் பார்த்துக்கொண்டு அழுதாள். பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதாள்.

ரத்னாபாய் அழவில்லை. "படத்தையாவது இன்னொருக்கா போடு மக்ளே" என்றாள்.

போட்டாள், சத்தத்தை அடைத்துவிட்டு. ரத்னாபாய் திரைக்கு முகத்தை ஒட்ட வைத்துக்கொண்டாள். ஒரு வருஷமாகக் கணவன் வாயைப் படித்துப் படித்து அவளுக்கு அதில் நல்ல தேர்ச்சி. ஆனால் படத்தில் இருந்தவர் ஜெபத்துக்குத் தலையைக் குனிந்திருந்தார், மீசை பாதி வாயை மறைத்திருந்தது. கேமராக்காரன் வேறு அந்த நேரம் பார்த்து மாலைத் தட்டுப் பக்கம் திரும்பிவிட்டான். இரண்டு மூன்று முறை போட்டுப் பார்த்தும் ஒன்றும் பிடிபடவில்லை. திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அவரும் திரையில் தெரிந்த தன் வாயையே முன்னால் சாய்ந்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியைச் சுருக்கிப் பார்த்தார், யோசித்தார். பிறகு மெல்லக் கையை விரித்தார். இந்தமுறை வெட்கமில்லை, அது நிச்சயமாகத் தெரிந்தது.

ரத்னாபாய் மகள் பக்கம் நாற்காலியைத் திருப்பினாள். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது, எப்படி இதை மறந்தோம் என்பது போல.

"நீ கேட்டியே மக்ளே. காதுல மாட்டிட்டு முழுசும் கேட்டியே. என்னப் பத்தி என்ன சொன்னாவ?"

ஜினி நினைத்துப் பார்த்தாள். கர்த்தாவே என்று ஆரம்பித்தது நினைவிருந்தது. பெரிய குரல், கணீரென்ற குரல், அதுவும் நினைவிருந்தது. அதற்குப் பிறகு, அடியில் கேட்ட அந்த உறுமல். அது கரண்டின் சத்தமில்லை, காசெட்டில் பதிந்த ஜெனரேட்டர்தான் என்று கடைசியில் கண்டுபிடித்துச் சந்தோஷப்பட்டாள். படம் எங்கும் விட்டுப்போகவில்லை. சொற்கள் காதில் விழுந்திருக்கத்தான் வேண்டும். ஒன்றுகூட நிற்கவில்லை.

"சத்தம் நல்ல தெளிவா இருந்துதும்மா" என்றாள். "கொஞ்சங்கூட இரைச்சல் இல்ல."

"செரி" என்றாள் ரத்னாபாய். "என்ன சொன்னாவ?"